ஆனந்த குமாரசாமியும் நாம் அவர்க்குக் கொடாத தமிழும்

சுவிட்சர்லாந்து நாட்டுச் செனீவா நகரின் அருகே, அணுவினும் நுண்ணிய துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராயும் ஐரோப்பிய ஆய்வு நிலையம் ஒன்றுண்டு. சேர்ன் என்பது அதன் பெயர். 2004ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அந்நிலையத்தில் இரண்டு மீட்டர் உயரமுள்ள கூத்தப்பெருமான் படிமம் ஒன்று திறந்து வைக்கப்பெற்றது. இந்திய அரசு வழங்கிய பரிசு அது. அதனருகே பதித்துள்ள பலகையில், அப் படிமத்தின் பெருமையைக் கூறும் ஒருவர் கூற்றுப் பொறிக்கப்பட்டுள்ளது. அக் கூற்றுக்கு உரியவர் திருமூலர் அல்லர். அம்பலத்தாடியைப் பாடிய மூவருள் ஒருவரும் அல்லர். செம்பை உருக்கி அவ்வுருவை முதன்முதல் வார்த்த சோழநாட்டுக் கம்மியனும் அல்லன். பாசுட்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றி, அமெரிக்க மண்ணிலேயே உயிர்நீத்த ஆனந்த குமாரசாமி என்பாரே அவர்.

தமிழன் வார்த்த படிமத்துக்கு உலகம் கேட்கும் உரை, தமிழ்க்குருதி உடைய ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய உரை. இதில் நாம் பெருமை கொள்ளவும் இடமுண்டு, தலைகுனியவும் இடமுண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் பெயரைத் தூய தமிழாக்கி 'இன்பக்குமரனார்' என்று எழுதலாமே என அன்பர் ஒருவர் முன்பு எனக்கு எழுதியிருந்தார். தம் பெயரைத் தாமே மாற்றிக்கொள்வது ஒருவர்க்குள்ள உரிமை. இறந்தார் பெயரைப் பிறர் மாற்றுவது அவ்வுரிமையுள் அடங்காது. எனவே அவர் எழுதியவாறே எழுதுகின்றேன்.

1877 ஆகத்து 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார் ஆனந்த குமாரசாமி. தந்தையார் முத்துக் குமாரசாமி யாழ்ப்பாணத்துக் குடிவழியினர். இலங்கைச் சட்டமன்றத்தில் இருந்தவர். கிறித்தவரல்லாத ஆசியருள் முதல்வராக 1863இல் ஆங்கில நாட்டு வழக்கறிஞர் அவையுள் ஏற்கப்பெற்றவர். அதே 1863இல், அரிச்சந்திரன் கதையைத் தமிழினின்று ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டவரும் அவரே. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய தமக்கையார் மக்கள். எனவே ஆனந்தருக்கு அத்தை மக்கள். இத்துணைத் தமிழ்ச் சூழல் உடைய குடியில் பிறந்தும் அக் குழந்தைக்குத் தமிழ் வாய்க்கவில்லை. தாயார் எலிசபெத்து பீபி ஆங்கிலப் பெண்மணி, கெண்டு மாவட்டத்தவர். குழந்தைக்கு இரண்டு அகவை நிரம்புமுன்னர், 1879இல், தந்தையார் இறந்தார். பிள்ளை இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்தது. கம்பனையும் சாத்தனையும் மடியில் இருத்திச் சொல்லித் தரத்தக்க தந்தை இல்லாமற் போனதொன்றே, பின்னாளில் அவர் எழுத்துப் போன வழிக்குப் பாதிக் கரணியம் என்பது என் எண்ணம்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் பயின்றவை நிலநூலும் நிலைத்திணை நூலும். 1900இல் முதல் வகுப்பில் தேறினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். அப்போது அவர் கண்டறிந்த தோரியம் மிகுந்த கனிமமே தோரியனைட்டு. வேறொருவராயின் அந்த ஒரு கனிமத்தைக் கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பட்டமும் பதவியும் பெற்றிருப்பார். இவரோ பாறைகளைத் தேடிச் சிற்றூர்தோறும் அலைந்தபோது, பாறையைவிட அருமையான ஒன்று தம் கண்முன்னே அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார். அது கைவினைஞனின் தொழில்.

கண்டி நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பொன்னும் வெள்ளியும் தந்தமும் மரமும் இழைத்து வந்த கம்மியர், ஆலைப்பொருளோடு போட்டியிட முடியாமல் உழவுக்கும் கூலிக்கும் போய்க்கொண்டிருந்தனர். அவர்களை ஊட்டி வளர்த்த அரசும் கோயில் மானியமும் ஆங்கிலராட்சியில் நிலைகுலைந்துவிட்டன. மறுபுறம், கற்ற குடும்பத்தார் ஐரோப்பியர் உடையை உடுத்து, ஐரோப்பியர் நாற்காலியில் அமர்ந்து, தம் பாட்டன் வீட்டுத் தூணில் இருந்த வேலைப்பாட்டை நாணத்தோடு பார்த்தனர். 1905இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் பெயர் 'இரவல் இறகுகள்' என்று பொருள்படுவது. மயிலிறகைச் செருகிக்கொண்ட காக்கையின் கதை நாமெல்லாம் அறிந்ததே. உடையிற் கண்ட அந்த இரவலை அவர் உள்ளத்திலும் கண்டார்; கல்வியிலும் கண்டார். அவ்வாண்டே இலங்கைக் குமுகச் சீர்திருத்தக் கழகத்தைத் தோற்றுவித்து, பள்ளிகளில் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று வலியுறுத்தினார். பிறமொழிச் சொல்லை இரவல் வாங்கிப் பேசுவதில் பெருமை காணும் நம்மவர்க்கு, அந்த ஆங்கிலத்தாய் பெற்ற மகன் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு சொன்னது இன்றும் சுடவேண்டும்.

அக் கம்மியரோடு பழகி அவர் எழுதியதே 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். அதற்கான ஒளிப்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவர் முதல் மனைவியார் எதல். பின்னாளில் நெசவுக் கலையில் இங்கிலாந்தே போற்றிய மேரே அம்மையார் இவரே. வில்லியம் மோரிசு தம் புகழ்பெற்ற சாசர் பதிப்பை அச்சிட்ட கைப்பொறியிலேயே இந்நூலும் அச்சாயிற்று. 425 படிகளே அச்சிட்டனர். கைத்தொழிலைப் பற்றிய நூல் கைத்தொழிலாலேயே ஆகவேண்டும் என்னும் உறுதி அது. ஏறத்தாழப் பதினைந்து திங்கள் அவ்வேலை நடந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. சிங்களவரின் கலைக்கு முதன்முதல் மதிப்புத் தேடிக் கொடுத்தவர் தமிழ்க்குடியிற் பிறந்த ஒருவர். அவர் இனவேற்றுமை பார்க்கவில்லை. அழிவதைக் காப்பதொன்றே கருதினார். கொழும்பு நகரில் இன்று அவர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. நாட்டுக் கலைக்கூடமும் அச்சாலையில்தான் இருக்கிறது. அவர் நூல் வந்து எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1981 சூன் முதல்நாளையொட்டிய இரவில், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. சாலைக்குத் தமிழன் பெயரை வைக்கலாம். அவன் மொழியின் ஏடுகளை மட்டும் எரிக்கலாம் போலும்!

இனி அவர் புகழின் அடிமனைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்க்கு நம் படிமங்கள் கலையாகத் தோன்றவில்லை. பல கைகள், பல தலைகள், பேயுருக்கள் என்றே அவற்றைக் கண்டனர். கலை என்றால் கிரேக்கம். கிரேக்கத்தின் சாயல் படிந்த காந்தாரப் படிமங்கட்கு மட்டும் ஓரளவு மதிப்பு. 1910 சனவரியில் இலண்டன் அரசக் கலைக்கழகத்தில் ஆவெல் என்பார் சொற்பொழிவாற்றியபோது, தலைமை வகித்த சார்சு பேர்டுவுடு, சாவகத்துப் புத்தர் படிமம் ஒன்றைக் கொழுப்பும் மாவும் கலந்து அவித்த களிக்கு ஒப்பிட்டார். இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதியவர் அவர், அறியாதவர் அல்லர். அறிந்தவரே அப்படிப் பேசினார் என்றால் அறியாதவரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அப் பேச்சைக் கண்டித்து ஓவியரும் சிற்பியரும் பிறருமாகப் பதின்மூவர் 'தைம்சு' இதழில் மடல் வெளியிட்டனர். அந்த எழுச்சியிலேதான் இலண்டனில் இந்தியக் கழகம் பிறந்தது. அதனைத் தோற்றுவித்தாருள் குமாரசாமியும் ஒருவர்.

மடல் எழுதுவது எளிது. களி என்றவன் வாயை அடைக்க, அப் படிமம் ஏன் அவ்வாறு இருக்கிறது என்று சொல்லவேண்டும். நான்கு கை ஏன்? தூக்கிய திருவடி ஏன்? சுற்றி எரியும் தீவட்டம் எதன் பொருட்டு? கிரேக்கச் சிற்பி காணும் உடலை வடித்தான்; நம் சிற்பி எதனை வடித்தான்? இக் கேள்விகளுக்கு விடை கூறியதே குமாரசாமியின் அருஞ்செயல். அவ்விடையின் உச்சி, 'சிவனின் ஆடல்' என்னும் அவர் கட்டுரை.

அக் கட்டுரை எங்கே முதலில் வெளிவந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். இலண்டனிலும் அன்று, பாசுட்டனிலும் அன்று. நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897இல் தோற்றுவித்த 'சித்தாந்த தீபிகை' என்னும் சென்னை இதழில், 1912இல் வெளிவந்தது. 1918இல் நியூயார்க்கில் பதினான்கு கட்டுரைகள் கொண்ட நூலாக வந்தபோது, அந்நூலுக்கே இக்கட்டுரையின் பெயர் தலைப்பாயிற்று. கட்டுரையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது யாது? திருமூலர் திருமந்திரத்தின் திருக்கூத்துத் தெரிசனப் பகுதி இருக்கிறது. உண்மை விளக்கம் இருக்கிறது. திருவருட்பயன் இருக்கிறது. குமரகுருபரரின் சிதம்பர மும்மணிக்கோவை இருக்கிறது. கடவுள் மாமுனிவரின் திருவாதவூரர் புராணம் இருக்கிறது. துடி ஏந்திய கையில் படைப்பு, அமைந்த கையில் காப்பு, தீ ஏந்திய கையில் ஒடுக்கம், ஊன்றிய அடியில் மறைப்பு, தூக்கிய அடியில் அருள் என ஐந்தொழிலையும் ஓர் உடலில் காட்டும் அந்த விளக்கம், சிவக்கொண்முடிபு கூறும் தமிழ் விளக்கம். நல்லசாமிப் பிள்ளை முதலியோர் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்த அவ்வரிகளைக் கொண்டே குமாரசாமி தம் கட்டுரையைக் கட்டினார்.

சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமானின் ஒளிப்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ஒகுசுத்து உரோதின் 1913இல் அதனைப் போற்றி எழுதினார். 1921இல் அவ்வெழுத்தும் குமாரசாமியின் எழுத்தும் ஒரே நூலில் சேர்ந்து பாரிசில் வெளிவந்தன. 1910இல் களி; 1921இல் உலகின் தலையாய சிற்பியின் வணக்கம். பதினோராண்டுகளில் நிகழ்ந்த இம் மாற்றத்தை ஒருவர் தனித்துச் செய்துவிடவில்லை. ஆவெலுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பிறர் 'அழகு' என்று நின்றுவிட்ட இடத்தில் 'பொருள்' என்று மேலே நடந்தவர் குமாரசாமியே. அவரை வெறுங் கலைநயப்பாளரினின்று பிரித்துக் காட்டுவது இது.

ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் இந்த ஊற்றிலேயே முகந்தாரா என்றால், இல்லை. 1917இல் அவர் பெயர்த்து வெளியிட்ட கூத்துநூல் வடமொழி அபிநய தர்ப்பணம். 1934இல் வந்த 'கலையில் இயற்கையின் மாற்றம்' என்னும் நூலில் கலைக்கொள்கையைச் சுக்கிரநீதி முதலிய வடநூல்களினின்றும், இடைக்கால ஐரோப்பிய மறைஞரான எக்கார்ட்டினின்றும் எடுக்கிறார். அதே காலத்தில் தமிழில் என்ன இருந்தது? எண்வகை மெய்ப்பாட்டையும் அவற்றின் நிலைக்களன்களையும் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சில் இருந்தது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், யாழாசிரியன், அரங்கின் அளவு, எழினி வகை என ஒவ்வொன்றாக வகுத்துரைக்கும் சிலப்பதிகார அரங்கேற்று காதை, அடியார்க்குநல்லார் உரையோடு 1892 முதலே அச்சில் இருந்தது. ஐசுலாந்து மொழியின் பழம்பாட்டை 1905இலேயே ஆங்கிலமாக்கிய பன்மொழிப் புலவர் அவர். கிரேக்கமும் இலத்தீனும் வடமொழியும் பாலியும் கற்றவர். அவர் கைக்கு இளங்கோவடிகள் எட்டவில்லை!

இதற்கு அவரைக் குறை சொல்லுவோர் நம்முள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அவ்வாறே பேசியவன். இப்போது அப்படிப் பேச என்னால் இயலவில்லை. நல்லசாமிப் பிள்ளை ஒருவர் தமிழ்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து நீட்டினார். குமாரசாமி அதனை வாங்கி உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தார். அடியார்க்குநல்லாரை அவ்வாறு நீட்டுவார் எவரும் அன்று இல்லை. வடமொழியாளர்க்கோ நூலைப் பெயர்க்கவும், குறிப்பெழுதவும், பல்கலைக்கழகந்தோறும் இருக்கை பெறவும் ஆளிருந்தது. தமிழ்ப்புலவர் தமக்குள்ளேயே பாடவேறுபாட்டுக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். கொடுத்தவன் கொடுத்ததைத்தானே கொண்டவன் ஆளமுடியும்?

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் இன்று 'நடராசர்' என்ற சொல்லையே அறியும். தஞ்சைப் பெருங்கோயிலில் அரசவரசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் அப் பெருமானை 'ஆடவல்லார்' என்று கூறுகின்றன. கோயிலுக்கு நெல்லளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். அக் கல்வெட்டுகளை உல்சு என்னும் செருமானியர் 1891 முதலே அச்சிற் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். கூத்தன், அம்பலவாணன், ஆடவல்லான் என்று எத்துணைப் பெயர்கள்! ஒன்றையேனும் நாம் உலகின் நாவில் ஏற்றவில்லை.

வடவாறு அவரை இழுத்துச் சென்ற இடத்தில் நாம் உறுதியாக மறுக்கவேண்டியவையும் உள. அதே 'சிவனின் ஆடல்' நூலின் முதற்கட்டுரை, உலக நலத்துக்கு இந்தியா தந்தது யாது என்று வினவி, பார்ப்பனர் வகுத்த குமுக அமைப்பையே அதன் விடையாகப் போற்றுகிறது. பெண்களின் நிலையைப் பற்றிய கட்டுரையோ, கணவன் பிணத்தோடு மனைவி எரிவதற்கே பரிந்து பேசுகிறது. 1912இல் இலண்டனில் அறிஞர் அவை ஒன்றில் அவர் அதனைப் படித்தார். ஐரோப்பியன் பழித்த ஒவ்வொன்றையும் காத்து நிற்கவேண்டும் என்ற சினம் அவரை அங்கே கொண்டு நிறுத்தியது போலும். சினம் கரணியமாகலாம், நயன் ஆகாது. பிறப்பொக்கும் என்று வள்ளுவன் சொன்ன மண்ணின் வழித்தோன்றல், பிறப்பால் தொழில் என்னும் வருணத்துக்கு மெய்ப்பொருள் விளக்கம் எழுதியதை, 1946இல் இறுதிக்காலத்திலும் அதனையே எழுதியதை, எந்தப் பெருமையின் பொருட்டும் நாம் விழுங்கிவிட முடியாது. கம்மியனைத் தெய்வமாக்கிய அவர் எழுதுகோல், அக் கம்மியனின் மகன் வேறு தொழில் நாடலாமா என்று ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை.

ஆயினும் அவருடைய அறிவு நேர்மை ஓரிடத்தில் நமக்குத் துணை நிற்கிறது. 1927இல் வெளிவந்த 'இந்திய இந்தோனேசியக் கலைவரலாறு' என்னும் நூலில், இலிங்க வழிபாடு, தாய்த்தெய்வ வழிபாடு, நாகர் இயக்கர் முதலிய இயற்கைத் தெய்வ வழிபாடு, கலைகள் பல ஆகியவை திரவிடர் வழியின ஆதல் கூடும் என்று எழுதினார். வேத வேள்வியில் படிமம் இல்லை; படிமத்தை நீராட்டிப் பூச்சூட்டிப் படைத்து வணங்கும் முறை ஆரியர்க்கு முன்னையது என்பது அவர் கொண்ட முடிபு. பூசை என்னும் சொல்லே பூவோடு தொடர்புடைய தென்மொழிச் சொல் என்று மொழிநூலார் சிலர் கூறுவதும் ஈண்டு நினைக்கத் தக்கது. அவ்வாண்டே, புத்தர் படிமம் கிரேக்கர் தந்ததன்று, இம்மண்ணின் இயக்கர் படிமத்தினின்று வளர்ந்தது என்று, பூசே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கையை மறுத்தெழுதினார். வடநூலையே மிகுதியும் கற்ற ஒருவர், வடநூலுக்கு முற்பட்ட ஒன்று இங்கே இருந்தது என்று ஒப்புவது சிறு செய்தியன்று. அவர் அப்படி எழுதியதால் அவருக்கு ஊதியம் ஏதுமில்லை என்பதையும் எண்ணுக.

அவர் அமெரிக்கா சென்ற கதையும் கசப்பானதே. தாம் தொகுத்த ஓவியங்களையும் படிமங்களையும் காசியில் ஒரு நாட்டுக் காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்தார். ஏற்பார் இல்லை. 1917இல் தென்மன் உராசு என்னும் செல்வர் அத் தொகுப்பை வாங்கிப் பாசுட்டன் காட்சியகத்துக்கு அளித்தார். குமாரசாமி அதன் காப்பாளரானார். இராசபுத்திர ஓவியத்தை முகலாய ஓவியத்தினின்று பிரித்தறிந்து 1916இலேயே நூல் எழுதியவரை, இந்நாடு வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டது.

முப்பதாண்டு காட்சியகத்தில் இருந்தவர், காட்சியகம் கலைக்கு உரிய இடமன்று என்றே எழுதிவந்தார். கலைப்பொருள் பயன்படுவதற்குச் செய்யப்பட்டது. குடம் நீருக்கு, வாள் போருக்கு, படிமம் வழிபாட்டுக்கு. அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்து வியப்பது, பயனை மறந்தவன் செயல் என்றார். கலைஞன் என்று தனிச்சாதி ஒன்றில்லை, நன்கு தொழில் செய்யும் எவனும் கலைஞனே என்றார். இக் கருத்தில் அவர்க்கு இணை யாருமில்லை என்பேன். ஆங்கிலச் சிற்பி எரிக்கு கில் அவரைத் தம் ஆசான்மாருள் தலையாயவராகப் போற்றியது இதன்பொருட்டே.

ஆனால் அவர் எழுத்தின் மற்றொரு விளைவை அவரே கண்டிருந்தால் வருந்தியிருப்பார். களி என்றிருந்த காலத்தில் நம் திருமேனிகளை எவனும் திருடவில்லை. உலகத்தின் ஒப்பற்ற கலை என்று தெரிந்தபின் திருடன் வந்தான். சிவபுரத்துக் கூத்தன் அமெரிக்கா போய் 1986இல் திரும்பினான். பத்தூர்க் கூத்தன் இலண்டன் வழக்குமன்றத்தில் வழக்காடி 1991இல் மீண்டான். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்று 2006இல் களவுபோன கூத்தனை ஆத்திரேலிய நாட்டுக் காட்சியகம் ஐம்பது நூறாயிரம் அமெரிக்க வெள்ளி கொடுத்து 2008இல் வாங்கிற்று. 2014இல் திருப்பித் தந்தது. திருடன் படித்த நூல்களுள் குமாரசாமியின் நூலும் இருந்திருக்கலாம். நாம் படித்திருந்தால் பூட்டாவது போட்டிருப்போம்.

1947 ஆகத்து 22இல் பாசுட்டனில் அவர்க்கு எழுபதாம் அகவை விழா எடுத்தனர். தாயகம் திரும்பி எஞ்சிய நாளை அங்கே கழிக்கப்போவதாக அவ்விழாவில் கூறினார். பதினெட்டு நாள் கழித்து, செபுதம்பர் 9ஆம் நாள், நீதம் என்னும் ஊரில் உயிர்நீத்தார். 1977இல் பிரின்சுதன் பல்கலைக்கழக அச்சகம் அவர் கட்டுரைத் தேர்வுகளை இரண்டு மடலமாகவும், உரோசர் இலிப்சி எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஒரு மடலமாகவும் வெளியிட்டது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே, மலேசியத் தமிழாசிரியர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அவர் எழுத்துகளையும், அவரைப் பற்றிய குறிப்புகளையும், மடல்களையும் தொகுத்துக்கொண்டே இருந்தார். துரைராசசிங்கம் என்பது அவர் பெயர். 1974இல் அவர் வெளியிட்ட பருமனான நூலை நம் தமிழ்நாட்டு நூலகங்களில் தேடிப்பாருங்கள்; தேடிய பின் எனக்கு எழுதுங்கள்.

சில ஆண்டுகட்கு முன் தமிழ்நாட்டின் ஓர் அருங்காட்சியகத்துச் செப்புத்திருமேனிக் கூடத்தில் நின்றிருந்தேன். கூத்தப்பெருமான் பேழையின் அடியில் ஆங்கிலத்தில் எட்டு வரி. அதன்கீழே தமிழில் இரண்டு வரி. அவ்விரண்டு வரியிலும் பெயர்ச்சொல் எல்லாம் வடசொல். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார் ஓர் ஆசிரியை. "காலுக்குக் கீழே கிடக்கிறது யாரு மிஸ்சு?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆசிரியை பலகையைக் குனிந்து பார்த்து, 'அபசுமாரன்' என்று எழுத்துக்கூட்டினார். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து, "முயலகன்னு சொல்லு தாயி, எங்க ஊருக் கோயில்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து குமாரசாமியின் 1912ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். தமிழறியாத அவர், ஆங்கில எழுத்தில், முயலகன் என்றுதான் எழுதியிருக்கிறார்.